பழமை ஆக்கநிலையிறுத்தமா, செயல்படு ஆக்கநிலையிறுத்தமா: அன்றாட வாழ்வில் பிரித்தறிவது எப்படி?

அனுபவத்தின் வழியே ஒரு நடத்தை கற்கப்படுவதை ஆக்கநிலையிறுத்தம் என்பார்கள்; அது பழமை, செயல்படு என இரு வகைப்படும். ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடத்திலும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களிடத்திலும் கற்றல் கோட்பாடுகள் பெரும்பாலும் விலங்குகளின் பெயரால்தான் நினைவில் நிற்கின்றன. நாயும் மணியும் வந்தால் பாவ்லோவ், பூனை வந்தால் தார்ண்டைக், எலியும் பெட்டியும் வந்தால் ஸ்கின்னர் என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர், வினாவில் கறவை மாடோ ஊசி போடும் அறையோ வந்துவிட்டால் எதில் சேர்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறார். தேர்வில் ஒரு மதிப்பெண் போவதோடு இது முடிந்துவிட்டால் பெரிதாக வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு நடத்தை எந்த வழியில் கற்கப்பட்டதோ, அந்த வழியாகச் சென்றுதான் அதை மாற்ற முடியும். அச்சத்தால் அழும் குழந்தையை அடம்பிடிப்பதாக எண்ணி அடிப்பதும், அடம்பிடித்துக் காரியம் சாதிக்கும் குழந்தையை அஞ்சுவதாக எண்ணி ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுப்பதும் இந்த வேறுபாடு தெரியாததால் வீடுகளில் நாள்தோறும் நடக்கின்றன. ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும் விதத்தில், ஒரு நிகழ்வைப் பார்த்தவுடன் எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

நாய்க்கும் பூனைக்கும் நடந்தது என்ன?

இவான் பாவ்லோவ் 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றது செரிமானம் பற்றிய ஆய்வுக்காகத்தான். நாயின் உமிழ்நீர் நாளத்தைச் சிறிய அறுவை மூலம் கன்னத்துக்கு வெளியே திறக்கும்படி செய்து, எந்த உணவுக்கு எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்தவர், உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் பணியாளரின் காலடியோசைக்கே சுரப்பு தொடங்கிவிடுவதைக் கவனித்தார். பின்னர் தாளக்கருவியின் ஓசை போன்ற, உணவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒலிகளை உணவுக்குச் சற்று முன்பாகத் திரும்பத் திரும்ப எழுப்பியபோது, அந்த ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைக்கப் போதுமானதாயிற்று. உணவு இயற்கைத் தூண்டல். ஒலி, உணவோடு சேர்ந்து வந்ததால் வலிமை பெற்ற செயற்கைத் தூண்டல். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாலை மட்டுமே ஊட்டி வளர்க்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு இறைச்சியை முதன்முறை காட்டியபோது உமிழ்நீர் சுரக்கவில்லை. தின்று பார்த்த பிறகே அதைக் கண்டவுடன் சுரந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றைப் பார்த்தவுடன் நமக்கு நாவில் நீர் ஊறுவதும் இப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வில் பசித்த பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து, வெளியே மீனை வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ மிதியை அழுத்தினாலோதான் கதவு திறக்கும். முதலில் பிறாண்டியும் கடித்தும் தவித்த பூனை தற்செயலாக வளையத்தை இழுத்து வெளியே வந்தது. மறுபடி மறுபடி அடைத்தபோது, வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் படிப்படியாகக் குறைந்தது. நிறைவு தரும் விளைவைக் கொண்டுவரும் செயல் நிலைபெறுகிறது என்ற விளைவு விதி இதிலிருந்துதான் பிறந்தது. பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் எலி நெம்புகோலை அழுத்தினால் உணவுருண்டை விழும் பெட்டியை அமைத்து, இதையே விரிவான அறிவியலாக வளர்த்தார். செயலை அடிக்கடி நிகழச் செய்யும் விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாவ்லோவின் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வந்தே தீரும். தார்ண்டைக்கின் பூனையோ வளையத்தை இழுக்காவிட்டால் கதவு திறக்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்த நிகழ்வை எடுத்துக்கொண்டாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: அந்த மனிதரோ விலங்கோ அந்தச் செயலைச் செய்யாமலே இருந்திருந்தால், அதன்பின் வந்த விளைவு வந்திருக்குமா? எப்படியும் வந்திருக்கும் என்றால், அங்கே கற்கப்பட்டது ஓர் அறிகுறிக்கும் அதைத் தொடர்ந்து வரும் பொருளுக்கும் உள்ள தொடர்பு. அது பழமை ஆக்கநிலையிறுத்தம். செயல் இல்லாவிட்டால் விளைவு இல்லை என்றால், கற்கப்பட்டது செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு. அது செயல்படு ஆக்கநிலையிறுத்தம்.

இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் குல்ஃபி வண்டியின் மணி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள சிறுவனின் நாவில் நீர் ஊறுகிறது. உடனே அவன் அப்பாவிடம் ஓடிச் சென்று சட்டைப் பையைப் பிடித்து இழுக்கிறான். மணி ஒன்றுதான், ஆனால் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. நாவில் நீர் ஊறியதால் குல்ஃபி வரவில்லை. மணியைத் தொடர்ந்து பலமுறை குல்ஃபி வாய்க்குள் வந்ததால்தான் நீர் ஊறுகிறது. ஆகவே அது பழமை வகை. சட்டைப் பையை இழுக்காமல் இருந்திருந்தால் காசு கிடைத்திருக்காது. ஆகவே அது செயல்படு வகை. இந்த இரண்டாவது வேலையில் மணி, இப்போது கேட்டால் கிடைக்கும் என்ற வாய்ப்பை அறிவிக்கிறது. வண்டி இல்லாத நடுப்பகலில் அச்சிறுவன் அப்பாவின் பையை இழுப்பதில்லை என்பதே இதற்குச் சான்று.

மணி கேட்டது என்பதாலேயே பாவ்லோவ் என்று எழுதிவிடுவது தேர்வுகளில் மிகவும் பரவலான பிழை. தூண்டல் முன்னால் வருவது இரு வகைகளிலும் உண்டு. ஆகவே தூண்டலின் இருப்பை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

விரும்பிச் செய்வதா, தானாக நிகழ்வதா என்ற கேள்வி

பெரும்பாலான பாடநூல்கள், தானாக நிகழும் துலங்கல் (தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை) என்றால் பழமை வகை, விரும்பிச் செய்வது என்றால் செயல்படு வகை என்று சொல்லித்தருகின்றன. முதல் சல்லடையாக இது நன்றாகவே பயன்படும். உமிழ்நீர், நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, குமட்டல், கண் இமைப்பு, உடல் திடுக்கிடுதல் ஆகியவற்றைக் கண்டால் பழமை வகையை முதலில் எண்ணிப் பார்க்கலாம். நடத்தல், எழுதுதல், பேசுதல், கையை நீட்டுதல் ஆகியவற்றைக் கண்டால் செயல்படு வகையை எண்ணலாம்.

ஆனால் இதை மட்டும் நம்பினால் சில இடங்களில் தவறிவிடுவோம். பிரவுனும் ஜென்கின்ஸும் 1968-இல் செய்த ஆய்வில், பெட்டிக்குள் ஒரு சிறு வட்டு சில நொடிகள் ஒளிர்ந்ததும் புறாவுக்குத் தானியம் வந்தது. புறா எதையும் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் புறாக்கள் ஒளிரும் வட்டைக் கொத்தத் தொடங்கின. மறு ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், வட்டைக் கொத்தினால் தானியம் வராது என்று ஏற்பாட்டையே மாற்றினார்கள். அப்போதும் புறாக்கள் தங்களுக்கு இழப்பு தரும் அந்தக் கொத்துதலைத் தொடர்ந்தன. கொத்துதல் பார்வைக்கு விருப்பச் செயல் போலவே இருக்கிறது. ஆனால் விளைவு அதைச் சார்ந்திருக்கவில்லை. ஒளி தானியத்தின் அறிகுறியாகிவிட்டதால், தானியத்தைக் கொத்துவது போல் ஒளியையே கொத்துகிறது. செயலின் தோற்றத்தைவிட, விளைவு எதைச் சார்ந்து வருகிறது என்பதே உறுதியான அளவுகோல் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஆய்வுகளே காரணம்.

அழுகை இதற்கு மறுபக்கம். பிறந்த குழந்தை பசிக்கும் வலிக்கும் அழுவது இயல்பூக்கம். அதே அழுகை, அழுதால் தூக்கிக்கொள்வார்கள் என்ற அனுபவத்தால், சில மாதங்களில் செயல்படு நடத்தையாகவும் வளர்ந்துவிடுகிறது.

மாட்டுக் கொட்டகையில் ஒரு காலைப்பொழுது

இரு வகைகளும் பின்னிக் கிடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் பால் கறக்கும் இடத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தோன்றவில்லை. கன்று காம்பை முட்டிச் சப்பும்போது, அல்லது கறப்பவர் மடியைக் கழுவி நீவும்போது, அந்தத் தொடு உணர்ச்சி நரம்பு வழியாக மூளைக்குச் சென்று பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் வெளிப்படுகிறது. அது இரத்தத்தில் கலந்து மடியை அடைந்ததும் மாடு சுரப்பு விடுகிறது. இது கற்காமலே நிகழும் துலங்கல். நாள்தோறும் கறவைக்கு முன் வாளி உரசும் ஓசையும் கறப்பவரின் குரலும் கேட்டுக்கேட்டு, அந்த ஓசைகளுக்கே சுரப்பு தொடங்கிவிடுகிறது. கையை வைப்பதற்கு முன்பே காம்பிலிருந்து பால் சொட்டுவதை மாடு வளர்ப்பவர்கள் பலர் கண்டிருப்பார்கள். மாடு சுரப்பு விட்டாலும் விடாவிட்டாலும் கறப்பவர் வந்து உட்காரத்தான் போகிறார். ஆகவே வாளியோசைக்குச் சுரப்பது பழமை ஆக்கநிலையிறுத்தம்.

அதே மாடு, கயிற்றை அவிழ்த்தவுடன் யாரும் ஓட்டாமலே கறவை இடத்துக்கு நடந்து வருகிறது. அங்கே தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்திருக்கிறார்கள். நடந்து வராவிட்டால் அது வாய்க்கு எட்டாது. ஆகவே நடந்து வருவது செயல்படு வகை.

இனி உதைப்பதைப் பார்ப்போம். காம்பில் வெடிப்பு இருக்கும்போது கறப்பவரின் நகம் பட்டு மாடு உதைக்கிறது, கறப்பவர் விலகுகிறார், வலி நிற்கிறது. உதைக்காமல் இருந்திருந்தால் வலி தொடர்ந்திருக்கும். வலி நீங்கியதே உதைக்கு வலுவூட்டலாகிவிட்டதால், மறுமுறை உதை இன்னும் விரைவாக வருகிறது. இங்கே பலர் தடியை எடுக்கிறார்கள். உதைத்ததற்காக அடிக்கிறோம் என்று அடிப்பவர் நினைக்கிறார். ஆனால் மாட்டுக்கு அந்த மனிதரும் வாளியும் கொட்டகையும் வலியின் அறிகுறிகளாகிவிடுகின்றன. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுப்பதால், மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. செயல்படு முறையில் ஒன்றைச் சரிசெய்யப் போய், பழமை முறையில் வேறொன்றைக் கெடுத்துக்கொள்வது என்பது இதுதான். முதலில் காம்பு வெடிப்புக்கு மருந்திட்டு வலியின் காரணத்தை நீக்குவதும், கறக்கும்போது தீவனம் வைத்து அமைதியான குரலில் பேசுவதுமே பயன் தரும்.

ஒரே நிகழ்வில் இரண்டும்: அச்சமும் தப்பித்தலும்

ஒரு நிகழ்வு முழுவதையும் ஒரே பெட்டியில் போட முயல்வதுதான் குழப்பத்தின் ஊற்றுக்கண். நிகழ்வைச் சிறு சிறு துலங்கல்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்த முதல் கேள்வியைக் கேளுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை தடுப்பூசிக்காக மருத்துவரிடம் வருகிறது. வாசலில் ஸ்பிரிட் வாசனை வந்தவுடன் உடல் விறைத்து, அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டு அழுகிறது. சென்ற முறை அந்த வாசனைக்குப் பின் ஊசி வந்தது. அது அழுதாலும் அழாவிட்டாலும் வந்தது. இந்த முதல் அழுகை பழமை வகையைச் சேர்ந்த அச்சம். இப்போது பாட்டி மனம் பொறுக்காமல், சரி, நாளைக்கு வரலாம் என்று தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். அடுத்த முறை அழுகை இன்னும் உரக்க எழும். அதில் ஒரு பகுதி, அழுதால் வெளியே போகலாம் என்ற அனுபவத்தால் வலுவடைந்த செயல்படு நடத்தை. எந்தப் பகுதி எது என்று அறியச் சில அடையாளங்கள் உண்டு. யார் உடன் வந்தாலும் ஒரே மாதிரி எழுந்து, வியர்வையும் நடுக்கமும் கூடியதாக இருந்தால் அச்சம் மேலோங்கியிருக்கிறது. பாட்டி வந்தால் கூடி, அப்பா வந்தால் குறைந்து, போகலாம் என்று சொன்ன நொடியில் நின்றுவிடுகிறது என்றால் விளைவு அதை ஆள்கிறது. இரண்டும் ஒரே அழுகையில் கலந்திருப்பதுதான் வழக்கம். ஆகவே அச்சத்துக்கு, ஊசி இல்லாத நாள்களில் அதே இடத்துக்கு அழைத்துச் சென்று விளையாட விட்டு வருவது; தப்பித்தலுக்கு, அணைத்து ஆறுதல் சொல்லியபடியே ஊசியை ஒத்திப்போடாமல் முடிப்பது என்று இரண்டு மருந்துகளும் வேண்டும். அச்சத்தைக் கண்டிப்பதால் அது குறையாது. அந்த இடத்தோடு இன்னொரு கசப்பான அனுபவம் சேர்வதுதான் மிச்சம்.

தெருநாய் துரத்திய பிறகு அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிச் செல்லும் மாணவரின் நிலையும் இதைப் போன்றதே. நாயைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது ஒரு வகை. வேறு தெருவில் திரும்பியதும் படபடப்பு அடங்குவதால் அந்தத் திரும்புதல் வலுப்பெறுவது இன்னொரு வகை. ஓ.எச். மௌரர் 1947-இல் முன்வைத்த இருகாரணிக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: அச்சம் பழமை முறையில் பிறக்கிறது, தவிர்த்தல் செயல்படு முறையில் அதைக் காக்கிறது. தவிர்த்துக்கொண்டே இருப்பவருக்கு, நாய் ஒன்றும் செய்யவில்லை என்று அறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால்தான் இத்தகைய அச்சங்கள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விரும்பி உண்டுகொண்டிருக்கும்போது, முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். அஞ்சாமல் இருந்தால் பரிசு தருகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாட்சனும் ரேய்னரும் 1920-இல் ஆல்பர்ட் என்று பெயரிட்டு எழுதிய குழந்தைக்கு அச்சத்தைப் புகுத்திய ஆய்வு, பழமை ஆக்கநிலையிறுத்தத்துக்கு எல்லா நூல்களிலும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. இன்றைய அறநெறிகள் ஒருபோதும் அனுமதிக்காத ஆய்வு அது. அதன் முதல் முயற்சிகளில், குழந்தை கையை நீட்டி வெள்ளை எலியைத் தொட்ட நொடியில்தான் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். கையை நீட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பேரோசை எழுந்திருக்காது! அப்படியானால் அந்த முயற்சிகளில் கையை நீட்டியதற்கான தண்டனையும் கலந்திருக்கிறது. பிந்தைய முயற்சிகளில் எலியையும் ஓசையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவை தூய பழமை வகை. எலியைக் கண்டதும் அழுதது ஒன்று, கையை நீட்டத் தயங்கியது மற்றொன்று.

உணவு ஒவ்வாமல் போகும்போது

ஒரு முறை ஓர் உணவை உண்டபின் வாந்தி எடுத்தவர் பல ஆண்டுகளுக்கு அதன் மணத்தையே தாங்க முடியாமல் போவதை, உண்டதற்குக் கிடைத்த தண்டனை என்று சிலர் செயல்படு வகையில் சேர்க்கிறார்கள். உண்ணாவிட்டால் வாந்தி வந்திருக்காது என்பதால் நம் கேள்வியும் அப்படிச் சொல்வது போலத் தோன்றும். ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் 1955-இல் இதைத் தெளிவாக்கினார்கள். எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கதிர்வீச்சால் உடல்நலக் குறைவை உண்டாக்கினார்கள். அந்தக் குறைவுக்கு இனிப்பு நீர் காரணமே இல்லை. அதைக் குடிக்காவிட்டாலும் கதிர்வீச்சு எலியைத் தாக்கியிருக்கும். ஆனாலும் எலிகள் இனிப்பு நீரை வெறுத்தன. ஆகவே சுவை அறிகுறியாகி வெறுப்பு உண்டாவது பழமை வகை. வேதிமருந்துச் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகள் சிலருக்கு, மருந்து ஏறுவதற்கு முன்பே மருத்துவமனையின் வாசனைக்குக் குமட்டுவதும் இதே வழியில்தான். அது மனத்தளர்ச்சியோ நடிப்போ அன்று என்பதை உடனிருப்பவர்கள் உணர்வது மிகவும் தேவை. அந்த உணவை இனி வாங்குவதில்லை, விருந்தில் இலையின் ஓரத்தில் ஒதுக்குகிறேன் என்பவை மட்டும் செயல்படு நடத்தைகள்.

எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும்

செயல்படு வகை என்று முடிவானபின் இன்னும் ஒரு கேள்விதான் உண்டு: அந்தச் செயல் பின்னர் கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது என்ற பொருளில் வருவன அல்ல. ஒன்று சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா என்பதையே குறிக்கின்றன. காரில் இருக்கை வார் மாட்டியதும் பீப் ஒலி நிற்பதால் வார் மாட்டுவது கூடுகிறது. அது எதிர்மறை வலுவூட்டல். ஆசிரியர் திட்டத் திட்ட ஒரு மாணவனின் சேட்டை கூடுகிறது என்றால், ஆசிரியரின் நோக்கம் எதுவாயினும், அந்தத் திட்டு அவனுக்கு வலுவூட்டலாகவே வேலைசெய்கிறது. வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்ப்பதே அவனுக்கு வேண்டியதாக இருக்கலாம்.

எழுதி வைத்துச் சோதிக்கும் முறை

ஒரு நடத்தையை ஊகத்தால் வகைப்படுத்துவதைவிட ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், பின்னால் என்ன வந்தது. கோபப்பட்டான், அடம்பிடித்தாள் என்று எழுதாமல், தட்டைத் தள்ளினான், தரையில் படுத்து உதைத்தாள் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். முதல் பத்தி நாள்தோறும் ஒன்றாகவே இருந்து மூன்றாம் பத்தி மாறிக்கொண்டே இருந்தால் பழமை வகை என்று ஐயுறலாம்; முதல் பத்தி எப்படி மாறினாலும் மூன்றாம் பத்தி ஒன்றாகவே இருந்தால் செயல்படு வகை என்று ஐயுறலாம்.

பின்னர் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். அறிகுறி மட்டும் வந்து, அதைத் தொடர வேண்டியது வராமல் போனால் பழமைத் துலங்கல் மெல்ல மறையும். செயல் நிகழ்ந்தும் வழக்கமான விளைவு வராமல் போனால் செயல்படு நடத்தை மறையும். ஆனால் செயல்படு நடத்தை குறைவதற்கு முன் சிறிது நேரம் சீறி எழக்கூடும்: கடையில் மிட்டாய் கேட்டு அழும் குழந்தைக்கு இன்று வாங்கித் தருவதில்லை என்று உறுதியாக நின்றால், அழுகை முதலில் உச்சத்துக்குச் செல்லும். அந்த உச்சத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டால், உரக்க அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்களாகிவிடுவோம். இரு வகைகளிலும், மறைந்துபோன துலங்கல் சில நாள் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைகாட்டுவது உண்டு. அதைக் கண்டு முறை தோற்றுவிட்டது என்று கைவிட வேண்டாம்.

சில பயிற்சிகள்

கைப்பேசியில் செய்தி ஒலி கேட்டதும் உள்ளம் சட்டென்று துள்ளுகிறது, கை தானாக அதை எடுக்கிறது. துள்ளல் பழமை வகை. எடுத்துத் திறப்பது செயல்படு வகை. திறந்தால்தான் செய்தி தெரியும். நல்ல செய்தி எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி வருவதால் அந்தப் பழக்கம் எளிதில் மறைவதில்லை. எத்தனை முறை செய்தால் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும்போது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டிருப்பதை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தேநீர்க் கடையில் பிஸ்கட் வாங்குபவரின் காலடியில் வந்து உட்காரும் தெருநாய், உட்கார்ந்ததால் பிஸ்கட் பெற்றது, செயல்படு வகை. பிஸ்கட் உறை கிழியும் சரசரப்புக்கு அதன் வாயில் நீர் ஒழுகுவது பழமை வகை. நாய் என்றாலே பாவ்லோவ் என்று எழுதுபவர் இதில் பாதியை இழப்பார்.

வீட்டுப்பாடத்துக்கு நட்சத்திரம் இடும் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். பாராட்டோடும் கைத்தட்டலோடும் சேர்ந்து வந்ததால் அந்தச் சிவப்பு மைக் குறி குழந்தைக்கு இனிமையானது. அந்த இனிமை பழமை முறையில் வந்தது. இனிமையாகிவிட்ட குறியைப் பெறுவதற்காக நாள்தோறும் எழுதி வருவது செயல்படு முறை.

கடைசியாகக் கணக்கு வகுப்பு. மணி அடித்ததும் வயிற்றில் பிசைவு எழும் மாணவி ஒருத்தி, தலைவலி என்று சொல்லி மருத்துவ அறைக்குப் போய்விடுகிறாள். வயிற்றுப் பிசைவு, முன்பு அவ்வகுப்பில் பட்ட பிரம்படியோ ஏளனமோ அந்த மணியோடு இணைந்ததால் வந்த பழமைத் துலங்கல். மருத்துவ அறைக்குப் போவது, வகுப்பிலிருந்து தப்பிப்பதால் வலுவடைந்த செயல்படு நடத்தை. மருத்துவ அறைக்கு அனுப்பக்கூடாது என்று தலைமையாசிரியர் உத்தரவிட்டால் இரண்டாவது மட்டுமே நிற்கும். வயிற்றுப் பிசைவு அப்படியே இருக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருப்பதால் பிரம்பு முதலில் வகுப்பை விட்டு வெளியேற வேண்டும். அதன்பின் அவளால் உறுதியாகச் செய்ய முடிந்த எளிய கணக்குகளோடு, கரும்பலகைக்கு அழைக்காமல், அருகில் அமர்ந்து சில வாரங்கள் தொடங்க வேண்டும். மணிக்குப் பின் அச்சம் தரும் எதுவும் வராத நாள்கள் பல கடந்த பிறகே, சரியான விடைக்குத் தரும் பாராட்டு அவளிடம் வேலைசெய்யத் தொடங்கும்.